கரண்ட் வந்துருச்சு: இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு

பிப்ரவரி 10, திங்கள்

பிரிசில்லா சொன்னதால் எழுதுகிறேன். என் கணவன் நந்துவுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் அவர். "சார் தினமும் என்னென்ன வார்த்தை சொன்னாருன்னு ஒரு டைரில குறிச்சு வைங்க மேடம். பின்னாடி நமக்கு உதவும்" என்றார். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது.

இன்று நந்து சொன்ன வார்த்தை: சரி.

நேற்றும் அதுதான். போன கார்த்திகையில் குளியலறை வாசலில் விழுந்த நாளிலிருந்து அதுதான். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. கோலூன்றி வீட்டுக்குள் நடக்கிறான். வலது கை பாதிதான். எழுதவும் வரவில்லை. நாம் பேசுவது புரிகிறது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் வருவது அந்த ஒரு சொல்தான். காபியா? சரி. டீயா? சரி. ஃபேனை நிறுத்தட்டுமா? சரி. நிறுத்தினால் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டம். இந்த நோயில் அப்படித்தான் இருக்குமாம்.

சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. தொட்டி நிறைந்தது. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

சரி. வேறொன்றும் இல்லை. மிக்சி ஓடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சென்னையிலிருந்து இளம்பரிதி என்று ஒருவர் ஃபோன் செய்தார். சின்னதாக ஓர் இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறாராம். "நீங்க மும்முனை வசுமதி மேடம்தானே?" என்றார். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த டைரியைப் பிரிசில்லா படிப்பார் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். நந்தகோபால் கிதாரும் பாட்டும். நிஜாமுதீன் டிரம்ஸ். நான் பேஸ் கிதார், அதை வாசிக்க வேறு ஆள் கிடைக்காததால். நந்து பகலில் மோட்டார் கம்பெனியில் பம்பு வரைபடம் போடுவான். அதனால் குழுவுக்கு 'மும்முனை' என்று மின்சாரப் பெயர். 2000 ஆகஸ்டில் முதல் கேசட் வந்தது. 'கரண்ட் வந்துருச்சு'. ராமநாதபுரத்தில் பக்திப் பாட்டு பதிவு செய்கிற ஒரு ஸ்டுடியோவில், ஐயப்பன் பாட்டுக்காரர்கள் வராத நேரமாகப் பார்த்துப் பதிந்தோம். விற்றதைவிட இலவசமாகக் கொடுத்தது அதிகம். அடுத்த கேசட் வரவில்லை. நானும் நந்துவும் கல்யாணம் செய்துகொண்டோம். நிஜாம் கடை வைத்தான். சண்டையெல்லாம் இல்லை. வேலை வந்தது, வயது வந்தது.

இப்போது அந்தப் பாட்டுகளை யாரோ இணையத்தில் ஏற்றிவைத்து, எங்கள் முகம் தெரியாத பிள்ளைகள் கேட்கிறார்களாம். இருபத்தைந்தாம் ஆண்டுக்கு இரண்டு இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்கிறார் பரிதி. ஒன்றில் பழைய கேசட், சுத்தம் செய்து. மற்றொன்றில் ஒத்திகை, விட்டுப்போனவை எல்லாம். "சின்ன வயசுல எங்க மாமா கார்ல இது மட்டும்தான் ஓடும் மேடம். நந்தகோபால் சார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேனே" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். "சார், உங்களுக்குச் சம்மதமா சார்?"

"சரி" என்றான் நந்து, கம்பீரமாக.

பரிதிக்கு ஒரே சந்தோஷம். விஷயத்தை நான் அப்புறம்தான் விளக்கிச் சொன்னேன். பிறகு, "நான் மெதுவாவே பண்றேன் மேடம். நீங்க சொல்றப்ப கூப்பிடறேன்" என்றார். நல்ல பிள்ளை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நிஜாம் வந்தான். ஞாயிறு தவறாமல் வருகிறான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் வந்தான். உக்கடத்தில் சோபா, குஷன் கடை. கடையை மச்சினன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு மாதிரிச் சொல்வான். மச்சினனுக்குத் தெரியுமோ என்னவோ. நந்துவுக்கு முகம் மழித்துவிட்டான். பிறகு கொய்யாப்பழம் நறுக்கினான்.

ரெக்கார்டு விஷயத்தைச் சொன்னேன். ஒத்திகை நாடாக்கள் எல்லாம் அவன் கடைப் பரணில், ஃபோம் ஷீட்டுகளுக்கு நடுவில் ஈரம் படாமல் இருக்கிறதாம்.

"அப்பறம் என்ன வசு யோசிக்கறே? அவனே சரிங்கறான்."

"சாம்பார்ல உப்பே போடலீன்னாலும் சரிங்கறான் நிஜாம். அது சம்மதமா?"

நிஜாம் நந்துவின் பக்கம் திரும்பினான். "மாப்ளே, இந்தக் கோயமுத்தூர்லயே நெம்ப நல்ல டிரம்மர் நாந்தான். கரெக்டா?"

"சரி."

"பாத்தியா. தெளிவாத்தான் இருக்கான்."

மூன்று பேரும் சிரித்தோம். நந்து சிரிக்கும்போது வலது கன்னம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. இருந்தாலும் வந்துவிடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

நிஜாம் கூரியரில் அனுப்பிய நாடாக்களைப் பரிதி சுத்தம் செய்து, முதல் பாட்டை அனுப்பியிருந்தார். நிஜாமும் இருந்தான். டிவியில் இணைத்துப் போட்டோம். என் பேஸ் இத்தனை தெளிவாக நான் கேட்டதே இல்லை. கேசட்டில் வெறும் உறுமலாக இருந்தது. பிறகு நந்துவின் குரல்.

*கம்பி மேல காக்கா, காக்கா மேல வானம்,*
*எங்க ஊட்டு பல்புக்கு எப்ப வருமோ மானம்…*

எனக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் அதையே பாடியது. கரகரப்பாக, கொஞ்சம் சுருதி இறங்கி. காக்கா என்றது. வானம் என்றது. பல்பு என்றது. நந்து டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டிருந்தான்.

நிஜாம் எழுந்து நின்றுவிட்டான். நான் நந்துவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது.

"நந்து, பேசுடா. ஏதாவது சொல்லு. எம் பேரு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது. முயற்சி செய்வது கழுத்தில் தெரிந்தது.

"சரி" என்றான்.

மார்ச் 11, செவ்வாய்

பிரிசில்லாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பாட்டு மூளையின் வேறு பக்கத்தில் இருக்கிறதாம். பேச்சு போன பலருக்கும் பாட்டு மிச்சமிருக்கும். "ஆனா மேடம், பாடறது வேற, நினைச்சதைச் சொல்றது வேற. அந்தப் பாட்டுல இருக்கற வார்த்தைய எடுத்து சார் உபயோகிக்க முடியாது. காக்காவைக் காட்டினா காக்கான்னு வராது."

காட்டிப் பார்த்தேன். மதில்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. "சரி" என்றான்.

"ஆனா வழி இருக்குதுங்க" என்றும் சொன்னார். வார்த்தைகளை இரண்டே சுரத்தில் ராகம் போட்டு, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பழக வேண்டும். தண்-ணி வே-ணும். கா-பி வே-ணும். மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம் என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

தண்ணி வேணும். காலையும் மாலையும். நான் அவன் இடது கையைப் பிடித்துத் தட்டுகிறேன். "த… த… சரி."

நிஜாம் வந்தால் அவனும் சேர்ந்து தட்டுகிறான். அவன் தட்டினால் தாளம் வேகம் பிடித்துவிடுகிறது. பிரிசில்லா அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பரிதி ஃபோன் செய்தார். ஒத்திகை நாடா ஒன்றில் முடிக்காத பாட்டு ஒன்று இருக்கிறது. நந்து வார்த்தை இல்லாமல் தன்னனா போட்டுப் பாடியிருக்கிறான். மெட்டு ரொம்ப அழகு. எனக்கு நினைவே இல்லை.

"மேடம், இப்ப ஏஐ வச்சு ஒண்ணு பண்ணலாம். சார் குரல் நம்மகிட்ட நிறைய இருக்கு. நீங்க வரி எழுதிக் கொடுத்தா, அந்தக் குரல்லயே பாட வச்சிடலாம். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு மும்முனையோட புதுப் பாட்டு. ஆனா சார் வேண்டாம்னா வேண்டாம்."

நந்துவிடம் விளக்கினேன். "சரி" என்றான். நிஜாமிடம் சொன்னேன். "அல்லாவே, அவங் குரல்ல புதுப் பாட்டா? பண்ணச் சொல்லு வசு" என்றான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

நானும் சரி என்றேன். வரிகள் நானே எழுதுகிறேன். வழக்கமாக நந்துதான் எழுதுவான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வரிகளை அனுப்பிவிட்டேன். அந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்க, பாட்டில்லாமல் சும்மா பேசுகிற மாதிரி சில வாக்கியங்களும் கொடுத்திருந்தேன். பரிதி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இன்று மதியம் நந்துவின் குரலில் வந்தது.

*வசு, சாப்ட்டியா?*
*வசு, மழ வருது, துணிய எடு.*
*வசு, இங்க வா.*

ஒருமுறை கேட்டேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஃபோனில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது. பேட்டரி மாற்ற வேண்டும்.

மே 2, வெள்ளி

சாயங்காலம் திடீரென்று கோடை மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது. மழை வருது துணியை எடு என்று ஃபோன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நனைந்தது.

மே 14, புதன்

பயிற்சியில் முன்னேற்றம். "வேணும்" இரண்டு தடவை முழுதாக வந்தது. தண்ணி வரவில்லை, வேணும் மட்டும் வந்தது. பிரிசில்லா கைதட்டினார். எது வேணும் என்று தெரியாவிட்டாலும் எதுவோ வேணும் என்று தெரிகிறது. அதுவே போதும் இப்போதைக்கு. உப்புமாவில் முந்திரி போட்டுக் கொண்டாடினோம்.

மதியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோனை மேடையில் வைத்திருந்தேன். குழாய் ஓடுகிற சத்தத்தில் கோல் ஊன்றும் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் நந்து சமையலறை வாசலில் நிற்கிறான். ஃபோன், "வசு, இங்க வா" என்றது.

நான் ஈரக் கையால் அதை அணைத்தேன். அவன் ஃபோனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சரி" என்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

இந்த டைரியில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அவன் சொன்ன விதத்தை எழுதத் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பரிதி கோயமுத்தூர் வந்தார். ஃபோனில் குரலைக் கேட்டு உயரமான ஆளாக நினைத்திருந்தேன். சின்ன உருவம், பெரிய பை. பைக்குள் இரண்டு நல்ல ஸ்பீக்கர். நந்துவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நந்துவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டான்.

நிஜாம் புதுச் சட்டையில் வந்திருந்தான். பிரிசில்லாவும், ஞாயிறென்றாலும், எங்கள் பழைய பாட்டுகளைக் கேட்க வேண்டுமென்று வந்தார்.

பழைய பாட்டுகள் எல்லாம் ஓடின. நந்து கூடவே பாடினான். இடது கை நாற்காலிக் கையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு பரிதி, "இப்ப புதுசு" என்றார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய நந்து, என் வரிகளைப் பாடினான். மூச்சு எடுக்கிற இடம்கூட அவனுடையதுதான். நிஜாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். என் வரிகள் அத்தனை நன்றாக இருக்குமென்று நானே நினைக்கவில்லை. அந்தக் குரல் பாடினால் எதுவும் நன்றாக இருக்கும்.

நாற்காலிக் கையில் தாளம் நின்றிருந்தது. அதை முதலில் பார்த்தது பிரிசில்லா. என் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

பாட்டு முடிந்தது. பரிதி நாற்காலி நுனிக்கு வந்து, "சார், எப்படி சார் இருக்கு? போட்டுடலாங்களா?" என்றார்.

நந்து வாயைத் திறந்தான். "ச…" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். வாயை மூடினான். அந்தச் சொல்லை அவன் உள்ளே பிடித்து வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. தும்மலை அடக்குகிற மாதிரி முகமெல்லாம் சிவந்தது. பிறகு இடது கையைத் தூக்கித் தொடையில் வைத்தான். ஒரு தட்டு.

"வே…"

வேணும் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். நாங்கள் பழக்கியது அதைத்தானே.

இன்னொரு தட்டு. "வேண்… டாம்."

சரியாகச் சொன்னோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்த மாதிரி, மறுபடி தொடையைத் தட்டினான். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம்.

"வேண்-டாம்."

நிஜாம் தரையில் உட்கார்ந்துவிட்டான். சோபாவும் நாற்காலியும் இருக்க, தரையில். "என்றா சொன்னே? மாப்ளே, என்ன சொன்னே? இன்னொருக்கா சொல்லு" என்றான்.

"வேண்டாம்."

"வேண்டாமா? நெஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம்."

பிரிசில்லா கைக்குட்டையைத் தேடினார். "இதை நான் சொல்லியே தரலைங்க மேடம்" என்றார் என்னிடம். "வேணும் மட்டும்தான் சொல்லிக் குடுத்தேன். இது சாரே தேடி எடுத்தது."

பரிதியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இத்தனை மாத உழைப்பு. ஒரு நிமிடம் முகம் வாடியது. அப்புறம் அவரும் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்து, எழுந்து போய் நந்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க சார்" என்றார். "சரிங்க. வேண்டாம்."

என் வரிகளும் சேர்ந்துதான் போயின. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அப்படி வருத்தப்படுவதுகூட நன்றாக இருந்தது. இந்த வீட்டில் என்னை யாரும் மறுத்துப் பேசி எத்தனை மாதமாயிற்று. கேட்டதற்கெல்லாம் சரி என்கிற ஒரு மனிதனோடு, நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் நந்து மேசைமேல் இருந்த என் ஃபோனை இடது கையால் எடுத்தான். சமையலறை வரை நடந்து வந்து என்னிடம் நீட்டினான்.

"வேண்டாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பாரத்தை இறக்கிவைக்கச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

எதை என்று நான் கேட்கவில்லை. அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்கவில்லை. இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டாவது தட்டில் என்னென்ன வருவது என்று தேர்வு நடக்கிறது. பரிதி ஒவ்வொரு ஒத்திகையாக அனுப்புகிறார். நந்து கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறான். வேண்டாம் என்று ஒரு சொல் வந்த பிறகு, சரி என்பதற்கும் அர்த்தம் வந்துவிட்டது. அவன் சரி என்றால் இப்போது எனக்கு மனது நிறைகிறது. சாம்பாருக்குச் சரி கிடைத்தது. நேற்றைய ரசத்துக்கு வேண்டாம்.

இன்று நிஜாமின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வந்தது. ஒரு கோடைக்கால ஒத்திகையில் அவன் பாட்டுக்கு நிறுத்தாமல் வாசித்தது. நிஜாம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தான்.

"இதுதான் நம்ம கடைசிப் பாட்டு. இதுல பேச்சே இல்ல."

"வேண்டாம்" என்றான் நந்து.

"ஏன்டா வேண்டாம்? ஏன்னு சொல்லு."

"வேண்டாம்."

"வசு, நீ சொல்லு இவனுக்கு. அன்னிக்கும் இப்படித்தான், எஞ் சோலோவ கேசட்ல போடவே உடல. இருபத்தஞ்சு வருசம் கழிச்சும் அதே வேலையப் பண்றான் பாரு."

"நெம்ப நீளம் நிஜாம்."

"நீயும் அவங் கட்சிதான். அன்னிக்கும் அவங் கட்சிதான்."

கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வாசலில் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. நந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மறுபடி ஒரு சண்டை நடந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

நிஜாம் வந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி முகம் மழித்துவிட்டான். மழித்துக்கொண்டே, "ஒரு நிமிசம் மட்டும் போடலாமா, சோலோ?" என்றான்.

புதிய சொல்: போடா.

தொடையில் தட்டவே இல்லை. நேராக வந்தது. நிஜாம் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடிப்போய், பக்கத்து வீட்டுக்காரரிடம், "என்னையப் போடாங்கறானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஜூலை 29, செவ்வாய்

விடுப்பை முடித்துக்கொண்டு, கல்லூரிக்கு அடுத்த வாரத்திலிருந்து அரைநாள் போகிறேன். நந்துவிடம் கேட்டேன். சரி என்றான். கேட்டது சரியைத்தான், கிடைத்ததும் சரிதான்.

பேஸ் கிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கம்பி துருப்பிடித்திருந்தது. புதுக் கம்பி போட்டு வாசித்தேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இசைத்தட்டு வந்துவிட்டது. பரிதியே கொண்டுவந்தார். அட்டையில் எங்கள் மூன்று பேரின் பழைய படம். நிஜாமுக்கு அதில் எவ்வளவு முடி. உள்ளே ஒரு பக்கம் முழுக்க நன்றி: நாடாவைக் காத்த ஃபோம் ஷீட்டுகளுக்கு, பிரிசில்லாவுக்கு, ஸ்டுடியோவைச் சும்மா விட்டுவைத்த ஐயப்பன்மார்களுக்கு. அதை எழுதியது நான். நந்து சரி பார்த்தான்.

வீட்டில் இசைத்தட்டுக் கருவி கிடையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நிஜாம் வண்டியை எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்றை இரவல் வாங்கி, குஷன் மூட்டை மாதிரிக் கட்டிக்கொண்டு வந்தான்.

முதல் தட்டு முழுக்கக் கேட்டோம். இரண்டாவதில், ஒத்திகைகள். சுருதி விட்டது, தாளம் விட்டது, நந்து நிஜாமைத் திட்டியது எல்லாம் அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தத் தன்னனாப் பாட்டு வந்தது, வார்த்தையில்லாமல், அன்றைக்குப் பாடியபடியே. பாதியில் நின்றது. முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உக்காருங்க மேடம்" என்றார் பரிதி.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கிதாரைக் கீழே வைக்கிற சத்தம். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு நந்துவின் குரல், பாட்டில்லாமல், சாதாரணமாக, கொஞ்சம் தயங்கி:

"நாளைக்கு வருவீங்ளா?"

அப்போது அவன் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவான்.

பதில் உடனே வரவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அப்பா, பாட்டும் கூத்தும் போதும் என்று சொல்லியிருந்தார். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் அன்றைக்குப் போனேன். சொல்லத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவன் கேட்டான் என்பது நினைவில் இல்லவே இல்லை.

தட்டிலிருந்து ஒரு பெண் குரல், என் குரல், மெல்லிசாக:

"எத்தன மணிக்குங்க?"

அப்புறம் நிஜாம் எதையோ தட்டிவிட, டிரம்ஸின் தாளத்தட்டு தரையில் விழும் ஓசை. அத்தோடு முடிந்தது.

"நாடாவோட வால்ல இருந்தது மேடம்" என்றார் பரிதி. "நிஜாம் சார் ஃபோன்ல நான் கூப்பிட்டப்ப நீங்க உள்ள இருந்தீங்க. இது பேச்சுதானே, வெட்டிடட்டுமான்னு சார்கிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

நான் நந்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை நாற்காலிக் கையில் மெதுவாகத் தட்டியது. உதடு எதையோ தேடியது. நாங்கள் காத்திருந்தோம். இப்போதெல்லாம் காத்திருக்க எங்களுக்குத் தெரிகிறது.

"வந்… த" என்றான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "வந்த."

"ஆமா" என்றேன். "வந்தேன்."

"மறுநாள் நானுந்தான் வந்தேன்" என்றான் நிஜாம். "என்னைய யாராச்சும் கேட்டீங்ளா?"

"போடா" என்றான் நந்து.

பரிதி ஊசியைத் தூக்கிவைக்கப் போனார். நான் தடுத்தேன். அந்தக் கடைசித் துண்டை மட்டும் மறுபடி போடச் சொன்னேன், எல்லோர் முன்னாலும். ஸ்பீக்கரைக் கொஞ்சம் பெரிதாக வைக்கவும் சொன்னேன்.